பெரியம்மாவின் செர்ரிப்பழம்

கிராஸ், ஆகஸ்ட் 3, 1994

அன்புள்ள அம்மாவுக்கு மொரேனாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? வண்டிவீட்டில் ஏறி இறங்க முடிகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறைச் சூடுகூடப் பழகிவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. உலகப்போரில் கொன்றழிக்கப்பட்ட நம் நாடோடி ரோமா ஜனங்களுக்கு இங்கே நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போனேன். அதை நடத்துகிற எடெல்ட்ராட் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல யாரும்மா?"

"எங்க பெரியம்மா."

"பேரைச் சொல்லு, கல்லுல வெட்டிடலாம்."

"செத்தவங்க பேரை நாங்க சொல்ல மாட்டோங்க."

"பேர் இல்லாட்டி யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா?"

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "பெரியம்மாவுக்குச் செர்ரின்னா உசுரு. அவங்க போனதுலேருந்து எங்கம்மா அதைத் தொட்டதே இல்ல. இதுக்கு மேல என்ன ஞாபகம் வேணும்?"

பாவம், அவர் அழுதுவிட்டார். கடைசியில், பெயருக்குப் பதில் இரண்டு செர்ரி செதுக்குவதென்று முடிவாயிற்று. நீ திட்டமாட்டாயே?

செர்ரித் தோப்போரம் வண்டியை நிறுத்தும் கோடைகளில் மற்ற பிள்ளைகள் வாய் சிவக்கத் தின்பார்கள். "உன்னை யாருடி வேணாம்னா? போய்த் தின்னு" என்பாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் போனதேயில்லை. இங்கே சந்தையில் குவித்து வைத்திருந்தார்கள். கடந்துதான் போனேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளிக் காலுறையையும் நீ வறுத்த காப்பித்தூளையும் கொடுத்தனுப்பு. பஸ்ஸுக்குக் காத்திருந்தபடிதான் எழுதுகிறேன்; இதோ வந்துவிட்டது.

பெயரைக் கேட்கவில்லை அம்மா. இதை மட்டும் சொல்: பெரியம்மா கொட்டையைத் துப்புவாளா, விழுங்கிவிடுவாளா?

உன் மொரேனா