அவிந்துபோன தயிர்

அகதி முகாம்,
14.2.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

முகாம் சமையல் வேலையும் நானும் சுகம். வாவிக்கு அக்கரையில் நீங்களும் எருமைகளும் சுகமா? எருமைகளுக்கு முன்னால் உங்களைத்தான் கேட்டிருக்கிறேன்.

தம்பிக்கு ஐந்து நாளாக வயிற்றோட்டம். ஓட்டப்போட்டி வைத்தால் கிண்ணம் அவனுக்குத்தான். எதையும் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படி தாதி சொன்னதால், நீங்கள் அனுப்பிய தயிரையும் கொதிக்கவைத்துவிட்டேன்.

டொக்டர் தலையில் கைவைத்தார். “என்ன புள்ள, கெட்ட கிருமியோட சண்டைபிடிக்கிற நல்ல கிருமியள் தயிருக்குள்ள உயிரோட இருந்ததுகள். எல்லாத்தையும் அவிச்சுப்போட்டியே. ஜீவனியோட புதுத் தயிரும் குடு.”

ஜீவனி என்கிற அந்த உப்புச்சீனித் தூளைக் கரைத்துப் பருக்கினால் வயிற்றில் தங்குவதில்லை. நேற்று அவனை எருமைக்கன்று என்று கூப்பிட்டேன். சண்டைக்கு வரவில்லை. கண்ணும் திறக்கவில்லை, அப்பா.

நல்லரத்தினம் மாமாவின் தோணியில் உடனே ஒரு சட்டித் தயிர் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் கோபிக்கமாட்டேன்.

தோணி புறப்படுகிறது. இந்த முறை தயிரை அடுப்புப் பக்கமே கொண்டுபோகமாட்டேன், சத்தியம்.

மகள்
தங்கேஸ்வரி