பன்னிரண்டும் எட்டும்

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்து மணிக்கு மகள் பேசினாள். மூன்று நிமிடம். "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசிப்பதற்குள், "சரிப்பா, வைக்கட்டுமா?" என்றாள்.

அவள் அம்மாவும் நானும் பிரிந்து நான்கு வருடம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் நெஞ்சுக்கூட்டை எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். பெற்ற பெண்ணின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவள் விடுமுறைக்கு இங்கே வரலாமாம். அவள் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: "நீங்க கூப்பிடக் கூடாது. அவளா வரேன்னு சொல்லணும்." சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜனவரி 19, ஞாயிறு

பதினோரு நிமிடம்!

என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டேன். "வடிவொத்த முக்கோணம். ஒரே அறுவை" என்றாள். "அட, என் பொழப்பே அதுதான்" என்றேன். மேலே எக்ஸ்ரே குழாயிலிருந்து கதிர் விரிந்து வருகிறது, நடுவில் நோயாளியின் கை, கீழே படம் பதியும் தட்டு. கை வரைக்கும் ஒரு சின்ன முக்கோணம், தட்டு வரைக்கும் அதே மாதிரி ஒரு பெரிய முக்கோணம். கையைத் தட்டோடு ஒட்டி வைத்தால் நிழல் கையளவு. தள்ளித் தூக்கினால் நிழல் பெரிதாகும், ஆனால் மங்கும்.

"நிஜமாவாப்பா?" என்றாள். இந்த ஒரு "நிஜமாவா"வை வைத்தே நான் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவேன்.

ஜனவரி 22, புதன்

பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. நோயாளிகள் இல்லாத நேரத்தில் புரட்டிக்கொண்டிருந்ததை நர்ஸ் அக்கா பார்த்துவிட்டார். "என்ன தம்பி, ஃபெயிலானா வீட்ல திட்டுவாங்களா?"

திட்டத்தான் யார் இருக்கிறார்கள்.

இந்தத் தேற்றத்தை நான் அந்தக் காலத்தில் உருப்போட்டுத்தான் எழுதினேன். கோணங்கள் சமமென்றால் பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். சரி. அதை நிரூபிக்க, சின்ன முக்கோணத்தின் அளவை எதற்குப் பெரிய முக்கோணத்தின் பக்கங்களில் குறிக்கிறார்கள்? 'அமைப்பு' என்று தலைப்பு வேறு. அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நாற்பது நிமிடம். பொய்யில்லை.

அவள் அங்கே ஒரு தாள், நான் இங்கே ஒரு தாள். "ஒரு முக்கோணம். அடிக்கோட்டுல ஒரு முனை அம்பது டிகிரி, மறுமுனை அறுபது. வரை" என்றேன். "அடி எவ்ளோப்பா?" "உன் இஷ்டம்."

அவள் எட்டு சென்டிமீட்டர் வைத்தாள். நான் பன்னிரண்டு. என் முக்கோணத்தின் சின்னப் பக்கத்தை அளந்தேன்: ஒன்பது புள்ளி எட்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு... "உன்னோட சின்னப் பக்கம் ஆறரை இருக்கும், பாரு."

ஸ்கேலைத் தேடும் சத்தம். பிறகு, "ஐயோ! எப்படிப்பா? இங்க வந்து பாத்தீங்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! என் தாளைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிரூபணம் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அமைப்பெல்லாம் எதுக்கு, சுருக்கமா முடிச்சிடலாம்" என்று ஏதோ சொல்லிக்கொடுத்தேன். மூன்றே வரி.

பிப்ரவரி 2, ஞாயிறு

பேசவில்லை. டெஸ்ட் இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டெஸ்டில் அதே தேற்றம். அஞ்சு மார்க்குக்கு முட்டை. கோணங்கள் சமம், அதனால் வடிவொத்தவை. வடிவொத்தவை, அதனால் பக்கங்கள் ஒரே விகிதம் என்று நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம்.

"யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. நான் சொல்லலை." சற்றுப் பொறுத்து, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?" வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

எதுக்குடா உனக்கு இந்த வீறாப்பு? பிள்ளை கேட்டா தெரியாதுன்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு?

விடைத்தாளில் டீச்சர் எழுதியதாக அவள் சொன்னது காதிலேயே இருக்கிறது: நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் காட்டக் கூடாது. நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? நான் அப்பா, அதனால் அவளுக்கு என்மேல் பாசம் இருக்கும். பாசம் இருக்கிறது, ஏனென்றால் நான் அப்பா. நான்கு வருடமாக இந்த மூன்று வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

இல்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறேன். ஐந்திலிருந்து ஆறு வரை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

செய்தி அனுப்பினேன். "எனக்கு அந்த நிரூபணம் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினேன். தப்பு என்னுடையது. நீ நன்றாக எழுது." விடுமுறை பற்றி ஒரு சொல் இல்லை. அதை மட்டும் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன்.

பதில் வந்தது: "ம்."

மார்ச் 16, ஞாயிறு

அவளுக்குப் பரீட்சை. தள்ளித் தூக்கிய கையின் நிழல் மாதிரி, தூரத்தில் இருக்க இருக்க எனக்குள் பெரிதாகிக்கொண்டே போகிறாள். முகம்தான் தெளிவாக இல்லை. இப்போது என்ன உயரம் இருப்பாள்? என் தோள் வரை வருவாளா? பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐந்து மணிக்கு மணியடித்தது.

"பரீட்சைல அதே தேற்றம்தான்ப்பா வந்துச்சு. அமைப்போட எழுதிட்டேன்."

"அந்த அமைப்பு எதுக்குன்னு எனக்கு இன்னமும் புரியலைம்மா."

"போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாது. அன்னிக்கு வரைஞ்ச தாள் இருக்கா?"

"சுவத்துல இருக்கு."

"இருக்கட்டும். வியாழக்கிழமை பஸ். என்னோடதைக் கொண்டுவரேன்."

நான் கேட்கவில்லை. சத்தியமாக நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தோளைத் தாண்டிவிட்டாள்.

பையை வைத்த கையோடு சுவரிலிருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். தன் முக்கோணத்தைக் கத்தரித்து, அதன் ஐம்பது டிகிரி மூலையை என்னுடையதன் ஐம்பது டிகிரி மூலையில் வைத்தாள்.

"பாருங்க. மூலையோட மூலையை வெச்சா ரெண்டு பக்கமும் அதது மேல உக்காந்துடுது. இதுதான் அமைப்பு. இங்கயும் அறுபது, அங்கயும் அறுபது. அப்ப இந்தச் சின்னப் பக்கம் ரெண்டும் இணை. இணைன்னா விகிதம் சமம், அது முந்தின பாடம். அவ்ளோதான். புரிஞ்சுதாப்பா?"

புரிந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து.

"புரிஞ்சுதும்மா" என்றேன். "இன்னொரு தடவை சொல்லேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சின்ன முக்கோணத்தை எடுத்துவிட்டு, முதலிலிருந்து வைத்தாள்.