சீட்டுத் துணி கூட ஒரிஜினல்

பான்ட்வென், வேல்ஸ்
4 ஜூன் 2006

அன்பு மகன் ரோட்ரிக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். மருமகள் மார்னிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல். உங்கள் கால்கரி டாக்டர்கள் சொல்லாததையா நான் சொல்லிவிடப் போகிறேன், இருந்தாலும் சொல்.

பிறக்கப் போவது பையன் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது, எதிர்வீட்டு யெஸ்டினின் பெயரை வைக்க ஆசை, அவன் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். இதைப் போனில் கேட்காமல் கடிதத்தில் கேட்டது நல்லதாயிற்று. போன் என்றால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு மூச்சு விடுவார். மறுநாளே எதிர்வீட்டுக்குப் போய் பெரிலிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டாள். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

அப்புறம் சொன்னாள்: "வைக்கச் சொல்லு க்ளென். அந்தப் பேரச் சொல்லி இந்த வீட்ல யாரையும் கூப்பிட்டு எவ்ளோ வருஷமாச்சு. அங்கயாவது யாராவது கூப்பிடட்டும்." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். சாயங்காலமே கம்பளி நூல் வாங்கிவந்து குழந்தைக்குப் போர்வை பின்ன ஆரம்பித்துவிட்டாள். வெண்ணெய் நிறம். நல்ல உசத்திக் கம்பளி, நான் தொட்டுப் பார்த்தேன்.

ஆகவே பெயர் உறுதி. ஆனாலும் ஒரு நாள் நீயே அவளுக்கு எழுது. உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அவள் வரிசையாக அலமாரியில் வைத்திருக்கிறாள். இந்த ஊரில் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கோபமெல்லாம் உன் அப்பா மேல். அந்த விபத்து நாளிலிருந்து அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கடையில் அவரைக் கண்டால் வாங்க வந்த ரொட்டியை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

உன் அப்பாவைப் பற்றி என்ன எழுத? அவருக்குப் பெண்டாட்டி நான் இல்லை, அன்று நீ ஓட்டின அந்தக் கார்தான். கழிவுக்குப் போக வேண்டிய இரும்பைத் திரும்ப வாங்கிவந்து கொட்டகையில் நிறுத்தின நாளிலிருந்து நான் இந்த வீட்டில் சமையற்காரி. நொறுங்கின இடது பக்கத்தை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, ஸ்வான்ஸீ பக்கம் யாரோ ஒருவருடைய செத்த காரிலிருந்து அறுத்துவந்த பக்கத்தை வைத்து வெல்டிங் செய்தார். கதவுக்குக் கீழே துரு அரித்திருந்த இடங்களில் பட்டி பூசி மூடலாம் என்று பக்கத்துத் தெரு ட்ரெவர் சொன்னதற்கு, "பட்டி பூசுறவன் மூஞ்சியில பூசணும்" என்று அந்த மனிதரை விரட்டியே விட்டார். வருடாந்தரச் சோதனையில் ஒரு குறைகூட எழுதாமல் காகிதம் கொடுத்துவிட்டார்களாம். சக்கரத்து நட்டுகளைத் தேய்க்க என் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போகிறார். கேட்டால், உன் பிரஷ்தான் மிருதுவா இருக்கு என்கிறார்.

அடுத்த மாதம் ரக்பி மைதானத்தில் பழைய கார்கள் கண்காட்சி. உன் அப்பா கொண்டுபோகப் போகிறார். அதைத் தெருவில் ஓட்ட வேண்டாம், எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியும் என்று சொன்னேன். "தெரியட்டும்" என்றார். எனக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை.

மார்னியைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


பான்ட்வென்
30 ஜூலை 2006

ரோட்ரி,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்று மனமில்லை. உட்கார்ந்து படி. மார்னி பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் போய்ப் படி.

கண்காட்சி போன ஞாயிறு நடந்தது. நான் மடக்கு நாற்காலியும் டீ பிளாஸ்க்குமாகப் போய் உட்கார்ந்திருந்தேன். வயிறு முன்னால் தள்ளின ஆண்கள் நூறு பேர், ஒவ்வொருவனும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றவளைப் போலப் பக்கத்தில் நின்றார்கள். நடுவர் வந்து டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக அடியில் படுத்துப் பார்த்தார். இந்த ஆட்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வார்த்தை ஒன்று உண்டு, உனக்கே தெரியும். ஒரிஜினல். அந்தக் காலத்துத் திருகாணி அதே இடத்தில் இருந்தால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். வருகிற போகிற ஒவ்வொருவனிடமும் உன் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடிகார முள்ளு ஒரிஜினல். ஸ்டியரிங் ஒரிஜினல். சீட்டுத் துணி கூட ஒரிஜினல்." நாள் முழுக்க அதே பாட்டு. அவர்கள் பிரிவில் முதல் கோப்பையைக் கொடுத்தார்கள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். தெருவில் பாதிப் பேர் வந்து சுற்றிக்கொண்டார்கள். பெரில் வந்தாள்.

ஆமாம், பெரில். பின்னல் பையைக் கையில் பிடித்தபடி, தெருவைத் தாண்டி, நேராக உன் அப்பாவிடம் வந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவரோடு முதல் தடவையாகப் பேசினாள். "நல்லா வந்திருக்கு ஹேடன்" என்றாள். அது எதனால் என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளைக்கு வைக்கப் போகிற பெயரால்தான். கொஞ்ச நாளாகவே அவள் முகம் தெளிந்திருந்தது. பழசை விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் தெருவைத் தாண்டியிருக்கிறாள்.

இடது பக்கக் கதவு திறந்திருந்தது. அவள் குனிந்து சீட்டின் மேல் கையை வைத்தாள். கட்டம் போட்ட அந்தத் துணி, நடுவில் சிவப்புக் கோடு. தடவிக்கொண்டே நின்றாள். நாள் முழுக்கச் சொல்லிப் பழகின உன் அப்பாவின் வாய் நிற்கவில்லை. "எல்லாம் ஒரிஜினல் பெரில். சீட்டுத் துணி கூட ஒரிஜினல்" என்றார்.

அவள் கை நின்றது.

உனக்கு இது தெரியாது, நான் எழுதவும் இல்லை. யெஸ்டின் உட்கார்ந்திருந்த அந்தச் சீட்டின் இரும்புச் சட்டம் வளைந்துபோயிற்று, அதை மாற்றினார். துணியை மாற்றவில்லை. அந்த ரகத் துணி உலகத்தில் எங்கேயும் கிடைக்காதாம். தையலைப் பிரித்து, என் சமையலறைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தார். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தார். அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் பார்த்தேன். வெகு நாள் அந்தத் தொட்டியில் உருளைக்கிழங்கு கழுவ முடியவில்லை என்னால்.

பெரில் கையை எடுக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதே துணியா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். உன் அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு எவனாவது இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர், "உக்காரு, ஒண்ணு காட்டறேன்" என்றார். உட்காராதே என்று நான் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். அந்தத் துணியின் மேலேயே உட்கார்ந்தாள், ரோட்ரி. அவளைத் தனியாக விட மனமில்லாமல் நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எங்கே போனார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மலைச் சாலை, ஆட்டுப்பட்டிக்கு மேலே இருக்கிற வளைவு. கல்சுவரில் புதுசாகக் கட்டின பகுதி இன்னும் வேறு நிறமாகத்தான் இருக்கிறது.

விசாரணையில் நீ சொன்னது இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பின் அச்சு தானாகவே இறுகிப் பிடித்துக்கொண்டது, வண்டி சுற்றிவிட்டது என்றாய். அந்த அச்சைக் கழற்றி மாட்டினவர் உன் அப்பா, அதற்கு முந்தின வாரம்தான். கார் நொறுங்கிக் கிடந்ததால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். ஊர் முடித்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்தவரிடம் அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு சைக்கிளைக்கூடக் கொண்டுவரவில்லை. அவர் உன்னை ஒன்றும் சொன்னதில்லை, எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டார்.

முதல் தடவை அந்த வளைவை வேகமாகவே எடுத்தார். கார் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவை வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ரோட்ரி, பின்பக்கம் பறந்தது. என் தலை கண்ணாடியில் மோதியது. பெரிலின் தோள் கதவில் போய் இடித்தது, கல்சுவர் அவள் முகத்துக்கு நேராக வந்தது. உடனே திரும்பவும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார், கார் நேராகிவிட்டது. ஓரமாக நிறுத்தினார்.

"பாத்தியா? அச்சு எங்கயும் பிடிக்கல. அதே அச்சு, அதே பேரிங்கு, ஒண்ணுகூட மாத்தல. இந்த ஜாதி வண்டியில வளைவுல கால எடுக்கக் கூடாது, எடுத்தா சுத்தும். ரோட்ரிக்கு நான் நூறு தடவ சொல்லியிருக்கேன். பயந்துட்டான், எடுத்துட்டான்."

பெரில் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பையனுக்குத் தெரிஞ்சிருக்குமா ஹேடன், சுவரு வருதுன்னு?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. உன் அப்பா, யாரோ எஞ்சினைப் பற்றிச் சந்தேகம் கேட்டதைப் போல யோசித்துவிட்டு, "தெரிஞ்சிருக்கும். ஒரு மூச்சு விடற நேரம் இருக்கும்" என்றார். எனக்கு அவரைக் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். "உண்மையத்தானே சொன்னேன்" என்கிறார். நன்றாகச் சாப்பிட்டார். குறட்டை விட்டுத் தூங்கினார், இத்தனை வருடத்தில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. காலையில் சீழ்க்கை அடித்துக்கொண்டே காரைக் கழுவினார். அதைக் கேட்டுக்கொண்டு எதிர்வீட்டில் அவள் இருக்கிறாளே என்ற நினைப்புகூட இல்லை.

பெரில் வியாழக்கிழமை வந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்த போர்வையைப் பிரித்து, கம்பளியை உருண்டை உருண்டையாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். என் மேசையில் வைத்தாள். "நல்ல கம்பளி. வீணாக்க வேணாம், நீ ஏதாவது பின்னிக்கோ" என்றாள். டீ போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். உட்காரவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் மாற்றினால் பாவம். "பயந்ததுக்கு அவன நான் ஒண்ணும் சொல்லல க்ளென். பத்தொம்போது வயசுல யாருதான் பயப்பட மாட்டாங்க. ஆனா வருஷா வருஷம் எனக்கு வாழ்த்து அனுப்பினானே, அந்த அட்டையில ஒரு வரி எழுத இடமில்லாமப் போச்சா? நான் குத்தமில்லாத ஒரு மனுஷன் மூஞ்சியப் பாக்காம இத்தன வருஷம் இருந்துட்டேன். எம் பிள்ள பேர அவன் தெனம் தெனம் வாயால கூப்பிட வேணாம். அந்தக் கொழந்தைக்கு வேற பேரு வைக்கச் சொல்லு."

கதவை மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனாள்.

ரோட்ரி, நீ விசாரணையில் சொன்னதை நான் நம்பினேன். அதை நம்பித்தான் இந்த வீட்டில் உன் அப்பாவோடு மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் கல்நெஞ்சக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்வது பொய் என்றால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எனக்கு எழுது. மறு வார்த்தை பேசாமல் நம்புகிறேன், பெரிலிடமும் போய்ச் சண்டை போடுகிறேன். உண்மை என்றால் எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. அட்டையில் எழுதாதே, வெறும் காகிதத்தில் எழுது. அவள் பதில் போடமாட்டாள், நீ எழுதினாலும் பெயரைத் திருப்பித் தரமாட்டாள். அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே.

மார்னியிடம் பெயரை மாற்றியதற்கு என்ன காரணம் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீயே பார்த்துக்கொள்.

செப்டம்பரில் பிறக்கப் போகிற என் பேரனுக்கு, அவன் பெயர் எதுவானாலும், அவன் பாட்டியின் முத்தம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா