முதல் நாளே வாங்கியவர்களின் பெயர்கள்

என் பவானி அக்காவுக்கு,

உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் இரண்டாவது கேம் போன வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது! இந்த முறை ஓட்ட வேண்டியது முதல் கேமில் வந்த செம்பனைக் குலை ஏற்றும் லோரி இல்லை, கோயில் ரதம். தோட்டத்துச் சகதியில் சாமி சாயாமல் ஊர்வலம் போக வேண்டும். உன் வீட்டுக்காரர் மூன்று தடவை சாமியைக் கால்வாயில் இறக்கிவிட்டு, ரோடு சரியில்லை என்கிறார்.

முதல் கேமை மறந்திருக்க மாட்டாய். வெளிவந்த அன்றே முழு விலைக்கு வாங்கினாய். ரவாங் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் உன்னோடு வரும் எட்டுப் பேரையும் வாங்க வைத்தாய். மூன்றே வாரத்தில் நான் என்ன செய்தேன்? தீபாவளிக்குத் துணிக்கடைகள் தள்ளுபடி போடுகின்றனவே என்று விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அடுத்த வாரமே இன்னும் ஒன்பது கேம்களோடு ஒரே கட்டாகச் சேர்த்து மலிவாக விற்கவும் விட்டேன்.

பஸ்ஸில் வாங்கிய திட்டை, அந்த எட்டுப் பேரில் ஒருவரான கமலா அக்காவின் குரலிலேயே நீ நடித்துக் காட்டினாய்.

"என்னா பவானி, முந்தி வாங்குன நாங்கதான் ஏமாளியா லா?"

சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாய். "சலுகை குடு, வேணான்னு சொல்லல. மொதல்ல வந்தவங்க மூஞ்சில ஏன்டா கரி பூசுன? இனிமே அவங்க வாங்க மாட்டாங்க. நான் வாங்குவேன், அக்காவா பொறந்தாச்சே!"

எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்விட்டாய்.

அதனால் இந்த முறை, முதல் வாரமே விலையைக் குறைக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்றுவிட்டேன். ஒரு வருடத்துக்குத் தள்ளுபடியும் இல்லை, கட்டும் இல்லை என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். விற்பனை மெதுவாகத்தான் நகர்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். கோயில் திருவிழாவில் மைக்கில் உபயக்காரர் பெயரை இழுத்து இழுத்துச் சொல்வார்களே, அதுபோல முதல் நாளே வாங்கியவர்களின் பெயர்களைக் கேமில் ரதம் புறப்படும்போது நானே சொல்கிறேன். கேம் வெளியாகும் முன்பே கமலா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது இதைச் சொன்னேன். முகத்தை உம்மென்று வைத்திருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"என் பேரையா? கோயில்ல எப்பவும் எங்க வீட்டுக்காரர் பேரதான் சொல்றாங்க. நல்லா சத்தமா சொல்லுய்யா!"

எட்டுப் பேரும் முதல் நாளே வாங்கிவிட்டார்கள், அக்கா. இப்போது பஸ் முழுக்கக் கமலா அக்காவின் பெயர்தான் ஒலிக்கிறதாம்.

கேம் வெளியான மறுநாள் காலை பெயர்ப் பட்டியலைத் திறந்து மைக்கின் முன் உட்கார்ந்தேன். முதல் பெயரே பவானி. உன் பழைய கணக்கிலிருந்து, வெளியான அந்த நிமிடமே, உன் வீட்டுக்காரர் முழு விலைக்கு வாங்கியிருக்கிறார். கேட்டால், "அவ வாங்குவேன்னு சொல்லிட்டுப் போனாள்ல?" என்கிறார்.

உன் பெயரைச் சொல்ல மட்டும் நான்கு தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது. நான்காவதிலும் குரல் உடைகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தக் கேமின் விலையையும் நான் குறைக்கும் நாள் வரும். அன்று முதலில் உன் பஸ் கூட்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் குறைப்பேன், சத்தியமாக.

சொந்த அக்காவிடமே இரண்டு முறை முழு விலை வாங்கிய,
உன் தம்பி குமரன்