உட்கார முடியாத கோடை

மே 6
இன்றும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், வாஷிங் மெஷின் மேல் நோட்டை வைத்து. டொலிடோவில் சிவப்பு சிக்னலில் சும்மா நின்றிருந்த என் காரை கிளைட் பர்விஸ் என்பவர் பின்னாலிருந்து இடித்து இன்றோடு பத்து வாரம். அவர் காரின் மேல் கட்டியிருந்த குளியல் தொட்டி கயிறு அறுந்து என் டிக்கியில் வந்து குடியேறியது. எனக்கு வால் எலும்பு முறிந்தது. அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை. அதனால் என் இன்சூரன்ஸ் கம்பெனிதான் எனக்குத் தர வேண்டும். இப்படி ஒரு ஆள் இடித்தால் உதவும் என்றுதானே பன்னிரண்டு வருடமாக பிரீமியத்தோடு தனியாக ஒரு தொகை சேர்த்துக் கட்டினேன்?

என்னைப்போல் உட்கார முடியாத பள்ளிப் பேருந்து ஓட்டுநரை யார் வைத்துக்கொள்வார்கள்?

மே 14
கம்பெனியில் என் கிளெய்மைப் பார்த்துவந்த பிரெண்டா மாறிவிட்டார். இனி கைல். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம். போனில் பேசுவது பதிவாகிறதாம்.
"எங்க வலிக்குது சார்?"
"உக்கார்ற இடத்துல."
"இன்னும் தெளிவா சொல்லுங்க சார்."
தெளிவாகவே சொன்னேன். அப்போது மளிகைக்கடை வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

மே 30
காயத்தின் போட்டோ வேண்டுமாம். எக்ஸ்ரேதான் அனுப்பினேனே! "அது உள்ளே சார். வெளியேயும் வேணும்" என்றார் கைல்.
என் மனைவி கிளெண்டாவிடம் கேமராவை நீட்டினேன். "முப்பது வருஷம் உன்னோட குடும்பம் நடத்திட்டேன், வெர்லின். இதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதய்யா."

ஜூன் 11
கைலும் போயாச்சு. இப்போது டேரன். கிளைட்டிடம் இன்சூரன்ஸ் இல்லை என்பதை கிளைட்டே கைப்பட எழுதித் தர வேண்டுமாம். போலீஸ் எழுதியது போதாதா?

ஜூன் 13
கிளைட் வீட்டுக்கே போனோம். கிளெண்டா ஓட்டினாள், நான் பின்சீட்டில் குப்புறக் கிடந்தேன். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, திறந்த கதவை மூடிவிட்டார் மனிதர். ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னேன்.
"ஐயோ, இப்பவே எழுதித் தரேங்க. இன்சூரன்சும் இல்ல, புத்தியும் இல்லைன்னு எழுதட்டுமா?"
"முதல் பாதி போதும்."
எழுதிக் கொடுத்துவிட்டு, தொட்டி திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். கேட்க எப்படி மனசு வந்தது? கிளெண்டா அதில் தக்காளி நட்டுவிட்டாள்.

ஜூன் 28
பதில் இல்லை.

ஜூலை 9
கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கூடவே ஒரு போட்டோ: எங்கள் புல்வெளியில் நான் படுத்துச் சிரிக்கிறேன். தெருவிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். 'மனுதாரர் நிம்மதியாக ஓய்வெடுப்பதாகத் தெரிகிறது.'
குப்புறப் படுத்திருக்கேன்யா! கண்ணு தெரியலையா? வேற எப்படிப் படுக்கிறதாம் நான்? கோபத்தில் மறந்துபோய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஓடிவிட்டது.

ஜூலை 10
பள்ளி அலுவலகத்திலிருந்து டார்லீன் கூப்பிட்டாள். "நீ வண்டி ஓட்டலாம்னு ஆகஸ்ட் இருபதுக்குள்ள டாக்டர் சீட்டு வந்தாகணும், வெர்லின். இல்லைன்னா உன் ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."
ஊசியும் உடற்பயிற்சியும் பாதியில் நிற்கின்றன. பணம் வந்தால்தான் மேலே நடக்கும். பத்தொன்பது வருட ரூட். இன்று எதற்கும் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 11
"போன்ல கெஞ்சினது போதும். மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் எழுது," என்றாள் கிளெண்டா. யாரிடம் எப்போது பேசினேன் என்பதெல்லாம் இந்த நோட்டில்தானே இருக்கிறது? பக்கங்களை அப்படியே நகலெடுத்து அனுப்பினோம். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது, தொட்டித் தக்காளிக் கதையும் அதில் போயிருக்கிறது என்று.

ஜூலை 24
கம்பெனியே என்னைக் கூப்பிட்டது! மேலாளராம். மூச்சுக்கு மூச்சு சார்.
"தாமதத்துக்கு ரொம்ப வருந்தறோம் சார்." ஒரு தொகை சொன்னார்.
"பாதியில நிக்கிற சிகிச்சையும் இதுல அடக்கமா?"
"அது... பார்க்கறோம் சார்."
"பாருங்க. நான் நின்னுக்கிட்டேதான் இருப்பேன்."

ஜூலை 30
சிகிச்சைச் செலவு, வராமல்போன சம்பளம், எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 19
ஊசியும் உடற்பயிற்சியும் முடிந்து, டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டார். டார்லீன் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

ஆகஸ்ட் 26
ஆறு பத்துக்குக் கிளம்பினேன். முதல் நிறுத்தத்தில் ஏறிய சின்னப்பெண், லீவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.
"நின்னுக்கிட்டிருந்தேம்மா."
அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கதவை மூடி வண்டியை எடுத்தேன்.