இரண்டு நாள் கிளைகள்

சங்கரன்கோவில்
4 ஜூன் 2025

சாம்ராஜ் அவர்களுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

மாநிலச் சிறு வங்கிகள் சங்கத்தின் சுற்றறிக்கை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள் திறக்காத கிளைகளை மூடச் சொல்லி வரைவு விதி வருகிறதாம். உறுப்பினர் வங்கிகள் தங்கள் நிலையை எழுதி அனுப்பினால் ஒரே மனுவாகக் கொடுப்பீர்களாம்.

பதினான்கு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் கேட்டீர். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். நீர் மாநாட்டில் வாசித்தீர், கைதட்டினார்கள். அச்சான மனுவில் பின்னட்டை வரை என் பெயரைத் தேடினேன்.

எங்கள் வங்கியின் மேலநீலிதநல்லூர் கிளை திங்களும் வியாழனும் மட்டும் திறக்கிறது. மற்ற நாளில் அந்த ஊர் ஆட்களெல்லாம் ஆட்டோடு காட்டில் இருப்பார்கள். மூடினால் காசாளர் முத்துத்தாய்க்கும் வேலை இல்லை. இந்த முறை நான் எழுதித் தரப்போவதில்லை.

ஜாய்ஸ் மதினிக்கு மூட்டுவலி தேவலையா என்று சுமதி கேட்கச் சொன்னாள்.

கே. சுடலைராஜ், எம்.ஏ.,
பொது மேலாளர்


சென்னை
9 ஜூன் 2025

அன்புள்ள சுடலைக்கு,

ஜாய்ஸ் இப்போது மாடிப்படி ஏறுகிறாள். சுமதியிடம் சொல்லும்.

சங்கத்து மின்னஞ்சலைப் பத்துப் பேர் படிப்பார்கள், அதனால் தபாலில் எழுதுகிறேன். அந்த மனுவில் என் பெயரும் இல்லை, பார்த்தீரா? யார் பெயரும் இருக்காது. பெயர் இருந்தால் அந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார்கள். இப்போது இருபத்து மூன்று கிளைகள் மாட்டியிருக்கின்றன. இருபத்து மூன்றுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் விதியே மாறும்.

18ஆம் தேதி துறை அதிகாரியைப் பார்க்கிறோம். உம்மைப் போல எழுத இங்கே ஆள் இல்லை வே. இரண்டு பக்கமாவது அனுப்பும்.

சாம்ராஜ்


சங்கரன்கோவில்
13 ஜூன் 2025

சாம்ராஜ் அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். உமக்கு அல்ல, நேரே அந்த அதிகாரிக்கு. நான்கு பக்கம், மேலநீலிதநல்லூரைப் பற்றி மட்டும். கீழே என் கையெழுத்து இருக்கிறது. மற்ற இருபத்திரண்டு கிளைகளுக்கும் சங்கம் இருக்கிறதே.

கே. சுடலைராஜ், எம்.ஏ.,
பொது மேலாளர்


சென்னை
20 ஜூன் 2025

அன்புள்ள சுடலைக்கு,

நாங்கள் போய் உட்கார்ந்தபோது உமது கடிதம் மேசைமேல் இருந்தது. அதிகாரி கோபப்படவில்லை. "உங்க உறுப்பினரே ஒரு கிளைக்குத்தான் கேக்குறாரு. நியாயமா எழுதியிருக்காரு, அதுக்கு விலக்கு கொடுத்தாச்சு. அப்புறம் விதியை எதுக்கு மாத்தணும்?" என்றார்.

உமது கிளைக்கு ஆணை வரும். மற்றவை செப்டம்பரில் மூடப்படும். ஜூலை கடைசிக்குள் ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம். கேட்போம்.

நான்கு பக்கத்தையும் அங்கேயே படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்.

சாம்ராஜ்


சங்கரன்கோவில்
7 ஜூலை 2025

அன்புள்ள சாம்ராஜுக்கு,

ஆணை வந்தது. முத்துத்தாய் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். வழியில் நம் சங்கத்து வங்கி ஒன்றின் இரண்டு நாள் கிளை. மூடப்போகிற கிளைதான். தேவையில்லாமல் உள்ளே போனேன். மேலாளர் அப்ரீன் பானு என்ற பெண், கடையநல்லூர்க்காரி. என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று டீ வாங்கிவரச் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டும் கெடச்சிட்டாம்லா. எப்படி எழுதணும்னு எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். துக்க வீட்டுக்குப் போகவில்லை, அதற்குச் சுமதியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலையடித் தோப்புகளிலிருந்து யார் யார் வருகிறார்கள், ஏன் அந்த இரண்டு நாளில் மட்டும் வருகிறார்கள் என்று எல்லாம் கேட்டு எழுதினேன். பிறகு மற்ற கிளைகளுக்கும் போன் போட்டேன். சிலர் பேசினார்கள். இருவர் என் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

இதோடு ஏழு பக்கம் இருக்கிறது. மறுபரிசீலனை மனுவில் சேர்த்துக்கொள்ளும். என் பெயர் வேண்டாம். யார் எழுதியது என்று அந்தப் பெண்ணிடமும் சொல்ல வேண்டாம்.

பழையதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர். மூன்றாம் பக்கம் நன்றாக வந்திருக்கிறது, அதில் மட்டும் கை வைக்காதீர்.

சுடலை