மூன்று மாதத்துக்கு முந்தைய காய்ச்சல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் இங்கே நலம்.

ஒரு சின்ன விஷயம், பதறாமல் படி. கொஞ்ச நாளாக எனக்குத் தலைமுடி கொட்டியது. தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்கா, அதுதான் என் அறைத்தோழி, திட்டித் தீர்த்து டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கொட்டுது?" என்று கேட்டார் டாக்டர்.

"கொஞ்சம்தான்."

அக்கா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது நேத்து மட்டும். இவ பார்த்தா அழுவாளேன்னு தினமும் நான்தான் பெருக்கி எடுத்துடுவேன்."

"மூணு மாசத்துக்கு முன்னாடி பெரிய காய்ச்சல் வந்துச்சா?" என்றார் டாக்டர். காய்ச்சலால் கொட்டும் முடி உடனே கொட்டாதாம், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுமாம். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் குறைவு. மாத்திரை தந்திருக்கிறார், திரும்ப முளைத்துவிடும் என்றார்.

ஆமாம் அம்மா, வந்தது. ஓவர்டைம், பேச நேரமில்லை என்றேனே, அந்தப் பத்து நாளும் படுத்தேதான் கிடந்தேன். அக்காதான் ஊட்டிவிட்டார்.

அவருக்கு ஒரு நல்ல புடவை எடுத்து அனுப்பு. தலையணைமேல் விரிக்க எனக்கு உன் பழைய பருத்திப் புடவை போதும். இங்கே நாள் முழுக்கச் சோப்பு வாசனைதான். நீ உடுத்தியதை அப்படியே, துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகள்